தொட்ட காய்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சௌக்கியம். உன் நலத்தையும் அத்தானின் முழங்காலையும் பற்றி நல்ல சேதி எதிர்பார்க்கிறேன். புது மாத்திரை கேட்கிறதா?

போன கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய், வாண்டு பள்ளிக்கூட செஸ் அணியில் சேர்ந்திருக்கிறாள் என்று. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக அல்லாடுகிறேன். பெற்ற மகளுக்கு என்ன பிடிக்கும் என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிகிறது. அவள் அம்மா பிரிந்து போனபோது பெரியவர்கள் கூடிப் பேசியது உனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை, என் லீவில், உன் வீட்டில் வைத்து ஒரு மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம். போன வருஷத்து மத்தியானம் எப்படிப் போயிற்று? "ஸ்கூல் எப்படிம்மா?" "நல்லாருக்கு." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அதற்குப் பிறகு இரண்டு பேரும் உன் வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இந்தத் தடவை அப்படி ஆகாது. செஸ் கற்றுக்கொள்கிறேன். வாத்தியார் எங்கள் சிமெண்ட் ஆலையின் கம்பவுண்டர். மத்தியான இடைவேளையில் முதலுதவி அறைக் கட்டிலில் பலகையை விரிக்கிறார். அவரிடம் ஒரு வெள்ளைக் குதிரை தொலைந்துபோய், அந்த இடத்தில் கண்ணுக்கு விடும் மருந்துக் குப்பி நிற்கிறது. யானை நேராகப் போகும், மந்திரி கோணலாகப் போகும், குதிரை மட்டும் யார் சொன்னாலும் கேட்காது. மருந்துக் குப்பி எப்படித் தாவும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவருடைய முதல் சட்டம்: "தொட்டா ஆடணும் சார். தொட்டுட்டு யோசிக்கிற வேலையெல்லாம் இங்க கெடையாது."

நான் கற்றுக்கொள்வதை வாண்டிடம் சொல்லிவிடாதே. ஜூனில் வந்து நேரில் அசத்துகிறேன். கேன்டீன் கேரம் போட்டியில் வருஷா வருஷம் கோப்பை வாங்குகிறவன் நான். இதில் மட்டும் சளைத்துவிடுவேனா?

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். உன் அத்தானின் முழங்கால் மாத்திரைக்கும் மசியவில்லை. ஏணிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது, சீட்டாடப் போகும்போது வலிப்பதில்லை. சிமெண்ட் தூசியில் உனக்கு வரும் இருமல் எப்படி இருக்கிறது? மூக்கைத் துணியால் கட்டிக்கொள்கிறாயா?

கடையில் கூட்டம். மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டு, "எதிர்ல இருக்கற எழுத்து தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் யாரையும் எதுவும் கேட்கத் தோன்றுவதில்லை.

வாண்டு போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். என் தோள் உயரம் வந்துவிட்டாள். இப்போதெல்லாம் "வாண்டு" என்று கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புகிறாள். நீ கற்றுக்கொள்வதைச் சொல்லவில்லை.

செஸ்தான் ஆட வேண்டுமா, தம்பி? அவளைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய் ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடு. இரண்டு பேரும் நடந்து போய் நடந்து வரலாம். அதில் யாரும் ஜெயிக்க வேண்டியதில்லை.

சும்மா கேட்கிறேன், அந்தக் கேரம் போட்டியில் உன்னோடு ஆடுகிறவர்கள் எல்லாரும் உன் பேக்கிங் பிரிவு ஆட்கள்தானே? கம்பவுண்டர் உன் கீழே வேலை செய்கிறவர் இல்லையே?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இருமல் இல்லை.

ஆமாம், என் பிரிவு ஆட்கள்தான். ஃபோர்மேன் என்பதற்காக எவனாவது கேரத்தில் விட்டுக்கொடுப்பானா? உனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

செஸ் நன்றாகப் போகிறது. குதிரை பிடிபட்டுவிட்டது. இரண்டு கட்டம் போய் ஒரு கட்டம் ஒதுங்க வேண்டும், பேருந்தில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி. ராஜாவைக் கோட்டைக்குள் ஒளித்துவைக்கவும் கற்றுக்கொண்டேன். ராஜாவும் யானையும் ஒரே மூச்சில் இடம் மாறும். அந்தக் காரியம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ராஜா உள்ளே, சிப்பாய்கள் வாசலில். ஒருத்தனும் அண்ட முடியாது.

இன்னும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கம்பவுண்டர் ஜெயித்தால் ஜெயித்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதானே? "சார், இத எங்க வீட்டுப் பூனகூடப் பாத்திருக்கும்" என்பார். போன வாரம் அப்படி ஒரு நாள் கட்டில் ஆடிக் காய்கள் கீழே விழுந்துவிட்டன. பக்கத்தில் இருந்த டிங்க்சர் பாட்டிலும் சேர்ந்து விழுந்து உடைந்தது. பழைய கட்டில், ஒரு கால் நொண்டி. அதிலிருந்து கம்பவுண்டருக்கு மருந்து இருப்பு சரிபார்க்கும் வேலை வந்துவிட்டது. ஒரு வாரமாக ஆட்டம் இல்லை. நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

நலம்.

விழுந்த காய்களை யார் பொறுக்கினார்கள்?

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் இருவரின் நலமும் அப்படியே இருக்கட்டும்.

உன் ஒற்றை வரிக் கடிதத்துக்கு நான் ஏன் பதில் போடவில்லை என்று உனக்கே தெரியும். கட்டில் ஆடியது என்று எழுதினால் கட்டில் ஆடியதுதான். இந்த வயசிலும் என்னை டவுசர் போட்ட பையனாகவே பார்க்கிறாய்.

கம்பவுண்டர் மறுபடி ஆடுகிறார். இப்போது கட்டிலில் இல்லை, சுவரோடு அறைந்த மருந்துப் பலகையில். நின்றுகொண்டே ஆட வேண்டும். நேற்று அவரை முதல் தடவையாக ஜெயித்தேன்! ராணியை இழந்துவிட்டு மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பேக்கிங் பிரிவு முழுக்க டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் முதல் வாரம் லீவு கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாண்டை வரச் சொல். புதுப் பலகை வாங்கிவிட்டேன். மரக்காய்கள், அடியில் பச்சைத் துணி ஒட்டியது. செருப்பெல்லாம் அவள் அம்மா வாங்கிக் கொடுக்கட்டும்.

நான் ஜெயிக்கத்தான் வருகிறேன் என்று நினைக்காதே. மகளோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம், அவ்வளவுதான். ஆனால் அவள் அப்பா ஒன்றும் மக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தால் நல்லதுதானே.

தம்பி


ஜூன் 9

என் அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த சாப்பாட்டை ரயிலில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் கொடுத்தேன், அவ்வளவு சந்தோஷம். உனக்கும் அத்தானுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நீ பக்கத்திலேயே இருந்து பார்த்தாய். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பலகையைப் பார்த்ததும் "நீங்க ஆடுவீங்களா?" என்று கேட்டாளே, அந்த முகத்தைப் பார்த்தாயா? உடனே உன் பக்கம் திரும்பினாள். நம்ப முடியவில்லை போலிருக்கிறது.

அவள் காய்களை எடுத்து வைக்கிற வேகமே வேறு. ஐந்தாறு நகர்த்தலுக்குள் அவள் குதிரை என் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டது, ராணி தூரத்திலிருந்து கோணலாக என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான் அத்தானிடம் ஏதோ சத்தமாகச் சொன்னேன். "என்ன இது, குழந்தைன்னு பாத்தா கழுத்துல கத்திய வெக்கிறா" என்றோ என்னவோ. அதற்குள் அவள் ராணியின் மேல் விரலை வைத்திருந்தாள். வைத்தவள் எடுத்துவிட்டாள். கம்பவுண்டராக இருந்தால் கூரை பறக்கக் கத்தியிருப்பார், தொட்டால் ஆட வேண்டும் என்று. நான் பெருந்தன்மையாக, "பரவால்லம்மா, வேற ஆடு" என்றேன். அவள் பலகையின் மறு ஓரத்தில், எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள்.

அதற்குப் பிறகு ஆட்டம் என் கைக்கு வந்துவிட்டது. ராணியையே என் குதிரை வாயில் கொண்டுவந்து வைத்தாள். "பாத்து ஆடும்மா" என்றேன். "பரவால்ல, எடுத்துக்கோங்க" என்றாள். என்ன ஒரு குணம்! கடைசியில் நான் யானையை அவள் பக்கத்துக் கடைசி வரிசைக்கு இறக்கி "செக்" என்றேன். அவள் பையை மாட்டிக்கொண்டே "செக்மேட்" என்றாள். நானே கவனிக்கவில்லை அக்கா! தோற்றவள் எடுத்துச் சொல்லித்தான் ஜெயித்தவனுக்குத் தெரிந்தது. எழுந்து கை கொடுத்தாள், பெரிய மனுஷி மாதிரி.

ஆட்டம் முழுக்க நீ சமையலறை வாசலிலேயே நின்றாய். முடிந்ததும்தான் உட்கார்ந்தாய். கடையில் நின்று நின்று உனக்கும் கால்வலி வந்துவிட்டதா? கவனித்துக்கொள்.

ஆலையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூட அணியில் ஆடுகிறவளை நாலு மாசம் படித்தவன் ஜெயித்திருக்கிறான் என்றால் சும்மாவா?

அன்பு மறவாத,
தம்பி


ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது சந்தோஷம். இங்கே சுகம். உன் அத்தான் வெந்நீர் ஒத்தடத்துக்கு மாறியிருக்கிறார். என் கால் நன்றாகத்தான் இருக்கிறது.

அவளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. அடுத்த வருஷமும் ஒரு மத்தியானம் வரலாம் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். "இந்த வருஷம் நல்லபடியா போச்சாமே" என்றாளாம். அதுவே பெரிய காரியம்.

ஆட்டத்தைப் பற்றி ஆலையில் அதிகம் பேசாதே. அவள் காதுக்கு எட்டப் போவதில்லை, இருந்தாலும் வேண்டாம்.

மழைக்கு முன் உன் அறை ஜன்னலைச் சரிபார்க்கச் சொல்.

அக்கா


செப்டம்பர் 14

அக்காவுக்கு,

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

மூன்று மாசமாக நான் யாருக்கும் கடிதம் போடவில்லை. தினமும் ஆடிக்கொண்டிருந்தேன். ஒழுங்காக ஆடவும் ஆரம்பித்திருந்தேன். கம்பவுண்டரே ஒப்புக்கொண்டார். நேற்று மத்தியானம் நான் ராஜாவைக் கோட்டைக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அவர் ஒரு குதிரையைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். ராணி தூரத்தில் கோணலாக நின்றது. நான் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். ராணி ஒரே ஓட்டமாக வந்து வாசல் சிப்பாயை அடித்து ராஜாவின் பக்கத்தில் நின்றது. ராணியை அடிக்கலாமென்றால் குதிரை காவல். ஓடலாமென்றால் இடமில்லை. "செக்மேட் சார். கோட்டன்னு நெனச்சீங்க, அது கூண்டு" என்றார்.

அந்த நிலையை எனக்குத் தெரியும், அக்கா. அதே குதிரை, அதே ராணி. அவளுடைய விரல் ராணியின் மேல் இருந்தது.

கம்பவுண்டரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்க அன்னிக்குப் பாக்கல, அது சகஜம். டீம்ல ஆடற பொண்ணு பாக்காம விடாது சார். அது பாத்துட்டுத்தான் கைய எடுத்திருக்கு" என்றார்.

அதன் பிறகு எல்லாமே தெரிகிறது. மறு ஓரத்துச் சிப்பாய். "பரவால்ல, எடுத்துக்கோங்க." பையை மாட்டிக்கொண்டே சொன்ன "செக்மேட்." நான் ஆலை முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறேன். குழந்தை பிச்சை போட்டதை வாங்கிக்கொண்டு பெருந்தன்மை வேறு காட்டியிருக்கிறேன்.

அவளாகச் செய்தாளா, யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? நேராகப் பதில் எழுது. அத்தானின் முழங்காலில் போய் முடிக்காதே.

தம்பி


செப்டம்பர் 20

தம்பிக்கு,

நீ நலம் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. சரியாகப் போயிற்று.

நான்தான் சொன்னேன்.

பலகையை நீ பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனாயே, அப்போது அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னேன். "இன்னிக்கு ஒரு நாள் தோத்துடும்மா. சீக்கிரம் முடிஞ்சிடும்." அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "தெரியும் அத்தை. அவர்கூட எது ஆடினாலும் தோத்துடணும்னு அம்மா அப்பவே சொல்லிருக்காங்க. எவ்ளோ நேரத்துல தோக்கட்டும்?"

ராணியைத் தொட்டது அவளுடைய ஆசை. கையை எடுத்தது, நீ குரலை உயர்த்தியதால். நீ அத்தானிடம் வேடிக்கையாகத்தான் பேசினாய். அவளுக்கு எந்தச் சத்தம் வேடிக்கை, எந்தச் சத்தம் வேடிக்கை இல்லை என்று பிரித்துப் பார்க்க நேரம் ஏது?

கட்டில் ஆடிக் காய் விழுந்தது என்று எழுதினாய். நம் வீட்டுக் கேரம் பலகையும் அப்படித்தான் ஆடும். ஒரே ஒரு தடவை உன்னை ஜெயித்தேன். ஸ்டிரைக்கர் பறந்து வந்தது. என் புருவத்துக்கு மேல் இருக்கிற தழும்பு குழாயடியில் வழுக்கி விழுந்தது என்றுதான் உன் அத்தான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். அம்மா மஞ்சளை அப்பிவிட்டு, "அவன் சின்னப் பையன், விட்டுக்குடுத்தா நீ என்ன கொறஞ்சா போயிடுவே?" என்றாள். நானும் விட்டுக்கொடுத்தேன். குறைந்துதான் போனேன், அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. உன் கையில் கோப்பையைக் கொடுத்த உன் பிரிவு ஆட்களுக்கும் வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கும்.

அவளுக்கு ஆறு வயசு இருக்கும். நான் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். நீயும் அவளும் பாம்பும் ஏணியும் ஆடிக்கொண்டிருந்தீர்கள். அவள் உச்சிக்குப் போய்விட்டாள். நீ தாடையை இறுக்கிக்கொண்டு தரையில் விரலால் தட்டினாய். கட்டையில் நாலு விழுந்தது. அவள் ஐந்து கட்டம் எண்ணி, தானாகப் பாம்பின் வாயில் காயை வைத்தாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அவளும் சிரித்தாள், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவள் அம்மா பெட்டியைக் கட்டியது அதற்கு ரொம்ப நாள் கழித்து. ஆனால் அன்றைக்கே அந்த முடிவை அவள் அம்மாவின் கண்ணில் நான் பார்த்துவிட்டேன்.

நீ யாரையும் அடித்துப் போட்டவன் இல்லை. குடிகாரன் இல்லை. அதனால்தான் யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. சொல்லவும் பயம்.

அன்றைக்கு நீ பலகையைக் கவிழ்த்திருந்தால் அடுத்த வருஷத்து மத்தியானமும் போயிருக்கும். உனக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா


நவம்பர் 30

என் செல்ல வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம். இந்தக் கடிதத்தை அத்தை உன்னிடம் கொடுப்பாள் என்று அவளுக்கு அனுப்புகிறேன். அத்தையோடு எனக்கு இரண்டு மாசமாகப் பேச்சு இல்லை. இருந்தாலும் கொடுத்துவிடுவாள்.

ஜூனில் நீ விட்டுக்கொடுத்தது எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் எனக்குக் கோபம் இல்லை. உண்மையாகவே இல்லை. ஆனால் நீ அப்படிச் செய்திருக்க வேண்டியதில்லை. அப்பா மாறிவிட்டேன். கம்பவுண்டர் மாமாவிடம் தினமும் தோற்கிறேன், ஒரு வார்த்தை பேசுவதில்லை. வேண்டுமானால் அவரையே எழுதச் சொல்கிறேன்.

நாம் ஒரு நிஜ ஆட்டம் ஆடலாம், கடிதத்திலேயே. எதிரில் உட்கார வேண்டியதில்லை, பயமும் இல்லை. நீ ஜெயித்தால் எனக்குத்தான் பெருமை. ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தியிருக்கிறேன். உன் பதிலுக்காகப் பலகையை அப்படியே மேசையில் வைத்திருக்கிறேன். சீக்கிரம் எழுது. அப்பாவைக் காக்கவைக்காதே.

உன் அன்பு அப்பா


ஜனவரி 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உங்கள் சிப்பாயைப் பார்த்தேன். பதில் நகர்த்தல் இதில் இல்லை.

டிசம்பரில் பள்ளிகளுக்கு இடையே போட்டி நடந்தது. கடைசிச் சுற்றில் எனக்கு எதிரே ஒரு பெரிய வகுப்புப் பையன். எனக்கு ஒரு யானை அதிகம் இருந்தது. சாதாரணமாக ஆடினாலே ஜெயித்துவிடலாம். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. மூக்கால் மூச்சு விட்டான், ஷூவால் தரையைத் தட்டினான். வேறு எதுவும் செய்யவில்லை. நான் சரியான காயைத் தொட்டேன். கை தானாக விலகிவிட்டது. நடுவர் பார்த்துவிட்டார், தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்றார். அதே காயை எடுத்துத் தப்பான கட்டத்தில் வைத்தேன். அது தப்பு என்று தெரிந்துதான் வைத்தேன். வைத்ததும் அவன் தட்டுவதை நிறுத்தினான். எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் தோற்றதால் எங்கள் அணியும் தோற்றது.

பயிற்சியாளர் கேட்டார், "ஏம்மா, ஜெயிக்கிற ஆட்டத்த ஏன் விட்ட?" நான், "அவனுக்குக் கோவம் வந்துடுச்சு சார்" என்றேன். "அதுக்கு?" என்றார். மற்ற பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வி சாதாரணமாக இருந்தது.

இப்போது பயிற்சியின்போது என் எதிரில் உட்கார்ந்து மேசையைத் தட்டவும் முறைக்கவும் சார் ஆள் வைத்திருக்கிறார். அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. எனக்கு வருவதில்லை.

நீங்கள் மாறிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். நான் இன்னும் மாறவில்லை. அதனால் இந்த ஜூனில் வர வேண்டாம். கோபக்காரர் ஒருவரை நிஜமாக ஜெயித்த பிறகு நானே எழுதுகிறேன். அதுவரை நீங்கள் எழுதினால் கை பழையபடி ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பலகையை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

உங்கள் மகள்


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்காதான். இங்கே நலம். நீ பத்தியமாக இருக்கிறாய், இளைத்துவிட்டாய் என்று கம்பவுண்டர் ஒரு அட்டை போட்டிருந்தார். நீ சொல்லித்தான் எழுதினாரா, தானாக எழுதினாரா என்று தெரியவில்லை. எப்படியானாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

ஜனவரியிலிருந்து நீ எனக்குப் போட்ட கடிதம் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான். "ஜெயித்தாளா?" நான் பதில் எழுதவில்லை, எழுத ஒன்றும் இல்லாததால். இப்போது இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூடத்தில் எல்லா வயசுக்காரர்களுக்கும் சேர்த்துப் போட்டி. அவள் அம்மாவுக்கு வேலை இருந்ததால் நான் துணைக்குப் போனேன். அவளுக்கு எதிரே வாய்த்தவர் உன் வயசுக்காரர். உட்காரும்போதே, "சின்னப் புள்ளைங்களோடல்லாம் ஆட வெக்கிறாங்க" என்றார். பாதி ஆட்டத்தில் அவர் நிலைமை மோசமானது. கடிகாரத்தைக் குத்துகிற குத்தில் அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முணுமுணுத்தார், நாற்காலியைத் தரையில் இழுத்தார். வழக்கம்போல எழுந்து போய் அவள் காதில் "தோத்துடும்மா" என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. என்னைக் கேட்டால், அதைச் செய்யாமல் விட்டதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம்.

அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஒரு கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் தொட்ட காயை ஆடினாள். சரியான கட்டத்தில் வைத்தாள். அவர் எழுந்து போகும்வரை தலை நிமிரவில்லை. ஜெயித்துவிட்டாள்.

வெளியே வந்ததும் வாந்தி எடுத்தாள். முகம் கழுவிவிட்டு பன் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். அவ்வளவு பசியோடு அவளை நான் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "அப்பாவுக்கு எழுதிடலாமா? ஜெயிச்சதும் எழுதறேன்னு சொல்லிருந்தியே?"

மெல்வதை நிறுத்திவிட்டுச் சொன்னாள், "வேண்டாம் அத்தை. எழுதினா, அப்ப வந்து ஆடலாமான்னு கேப்பார்."

நான் எழுதிவிட்டேன். நீ கேட்காதே, தம்பி.

அக்கா